காப்பார் வேனும் ஆயிரம் வரியும்

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே புகைமூட்டம். கிள்ளானில் கோமுட்டர் ரயில் தாமதம். சுபாங் ஜெயா வரை நின்றபடி, பிறகு ஒரு ஆன்டி இறங்கி இடம் கொடுத்தார். பிரிக்பீல்ட்ஸ் வந்ததும் ஆபீசுக்குக் கீழே உள்ள கடையில் ஒரு தோசை, அவசரத்தில்.

வேலை சின்னது என்றார் பாஸ். டயாலிசிஸ் மையத்துக்கு நோயாளிகளை ஏற்றி இறக்கும் வேன்களுக்காக நாங்கள் ஒரு வெப்சைட் நடத்துகிறோம். யார், எந்த வேன், எத்தனை மணி என்று அதுதான் ஒவ்வொரு மாலையும் மறுநாளுக்குப் பட்டியல் போடும். கிள்ளான் மையத்தில் வேன்களைக் கவனிக்கும் ஜெயா அக்கா, துணைக்கு வருகிறவர்களுக்கும் ஓர் இருக்கை வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

"ஒரு செக்பாக்ஸ்தான் லா. லஞ்சுக்கு முன்னாடி முடிஞ்சிடும்."

செக்பாக்ஸ் முடிந்தது. பிறகு வேன் ஒதுக்கும் கோட் துண்டை, அந்த ஃபங்ஷனைத் திறந்தேன். எல்லாமே ஒரே ஃபங்ஷன். ஆயிரத்துச் சொச்சம் வரி. உருட்ட உருட்ட வந்துகொண்டே இருக்கிறது. 'இப்படி இருந்தால்' என்று கேட்கும் இஃப்-க்குள் இஃப், அதற்குள் இன்னொரு இஃப், வரிகள் திரையின் வலது ஓரத்தில் போய் முட்டி நிற்கின்றன. உச்சியில் மலாயில் ஒரு குறிப்பு: ஜாங்கான் செந்து. தொடாதே. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அவருக்கு முன்னால் எழுதியவரும்தான்.

தொட்டேன். துணைக்கு இருக்கை கிடைத்தது. பந்திங் பகுதி நோயாளிகள் மொத்தமாகப் பட்டியலிலிருந்து காணாமல் போனார்கள். நல்லவேளை, சோதனைக்கு வைத்திருக்கும் நகலில்தான்.

மகள் யாழினியின் பாலர்பள்ளி (தாடிகா) பையில் தண்ணீர் போத்தல் இல்லை. நாளை மறக்கக் கூடாது.

ஜூலை 8, செவ்வாய்

வெயில். முழு நாளும் அந்த ஃபங்ஷனை வாசிப்பதில் போயிற்று. அதற்குள் தகவல்களுக்கு வைத்திருந்த பெயர்கள்:

டேட்டா.
டேட்டா2.
டேட்டா_பெத்துல். சரியான டேட்டாவாம்.
டேட்டா_பெத்துல்_பெத்துல். மெய்யாகவே சரியான டேட்டா.
மச்சான்.

மச்சான் என்பதற்கு ஆமாம் அல்லது இல்லை என்று இரண்டே மதிப்பு. ஆமாம் என்றால் சக்கர நாற்காலி ஏற்றுகிற வேன். முன்பு அந்த வேனை ஓட்டியவரை எல்லோரும் மச்சான் என்று கூப்பிடுவார்களாம். பக்கத்து மேசை ஃபைசால் சொன்னான். (அவன் பேசுவது மலாயும் ஆங்கிலமும் கலந்து. இங்கே தமிழில் எழுதிக்கொள்கிறேன்.) நான்கு வருடமாக இங்கே இருக்கிறான், இந்த ஃபைலைத் திறந்ததே இல்லையாம்.

"பேய் இருக்கிற வீட்டுக்கு நான் எதுக்கு வாடகைக்குப் போகணும்?"

எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரே காரியத்தை மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதியிருக்கிறார்கள். முகவரியிலிருந்து பகுதியைக் கண்டுபிடிக்கும் துண்டு மட்டும் நான்கு முறை. ஒன்றில் மட்டும் பந்திங் விட்டுப்போயிருக்கிறது. நேற்று மறைந்தவர்கள் எங்கே போனார்கள் என்று இப்போது தெரிகிறது.

வழி ஒன்றுதான். இதைப் பிரித்து மேய வேண்டும். ஒரு துண்டுக்கு ஒரு வேலை, அந்த வேலையைச் சொல்லும் ஒரு பெயர்.

ஜூலை 9, புதன்

மாலை மழை. குடை ஆபீசில், நான் ஸ்டேஷனில்.

பாஸிடம் சொன்னேன்: இதைச் சுத்தப்படுத்தாமல் எதையும் சேர்க்க முடியாது. அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். அது நல்ல அறிகுறி இல்லை.

"ஓடுற வண்டிய எதுக்கும்மா நிறுத்தி எஞ்சினக் கழட்டணும்?"

"ஓடுது பாஸ். ஆனா திருப்ப முடியல."

சிரிக்கவில்லை. ரெடிமேட் சிஸ்டம் ஒன்று விற்பனைக்கு இருக்கிறதாம், ஆட்கள் வந்து காட்டிவிட்டும் போனார்களாம். எங்களுடையதைத் தூக்கிப் போட்டுவிட்டு அதை மாட்டிவிடலாம் என்று அவருக்கு ஓர் எண்ணம்.

"அப்போ நான்?"

"உன்னை எடுத்ததே இந்தப் பழைய சிஸ்டத்துக்குத்தான். தெரியும்தானே."

தெரியும். ஒப்பந்தத் தாளில் இருக்கிறது. மகள் பிறந்த பிறகு நான்கு வருடம் வீட்டில் இருந்தவளை யாரும் கூப்பிட்டு வேலை கொடுக்கவில்லை. இவர் கொடுத்தார். ஐந்தாவது மாதம் ஓடுகிறது.

கடைசியில் ஒத்துக்கொண்டார். அடுத்த வியாழன் வரை அவகாசம். புதிய கோட் போடும் பட்டியல் பழையது போலவே இருக்க வேண்டும். நோயாளிகளிடமிருந்து ஒரு புகார் வந்தாலும் பழசுக்குத் திரும்பிவிடுவோம், பிறகு ரெடிமேட்தான்.

ரயிலில் பயமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் எனக்குப் பசிக்கும். கிள்ளானில் இறங்கியதும் கடலை வைத்து மடித்த அப்பம் பாலிக் இரண்டு, வீட்டுக்குப் போவதற்குள் ஒன்று காலி.

ஜூலை 11, வெள்ளி

நேற்று முழுக்க வெட்டவே இல்லை, சோதனைகள் மட்டும். கடந்த மூன்று மாதப் பதிவுகளை எடுத்து, பழைய ஃபங்ஷன் ஒவ்வொரு நாளுக்கும் போட்ட பட்டியலைச் சேமித்துக்கொண்டேன். நான் எதை மாற்றினாலும் அதே பதிவுகளைக் கொடுத்து அதே பட்டியல் வருகிறதா என்று கணினியே ஒப்பிடும். வந்தால் பச்சை. வராவிட்டால் சிவப்பு. கண்ணை மூடிக்கொண்டு கத்தியை எடுக்கிற ஆள் இல்லை நான்.

இன்று வெட்டு ஆரம்பம். முகவரித் துண்டு நான்கும் ஒன்றாயிற்று. பச்சை. மச்சானுக்குப் பெயர் மாற்றம்: சக்கரநாற்காலி_வேண்டுமா. பச்சை. ஃபைசால் துவா ஓதுவது போல் கையைத் தூக்கிக்காட்டினான், பிறகு ஜும்ஆ தொழுகைக்குப் போய்விட்டான்.

மதியம் ஆபீசில் நான் மட்டும். இஃப்-களை உடைத்தேன். முன்பு: பதிவு இருந்தால், அது இன்றைக்கு என்றால், ரத்தாகவில்லை என்றால், வேன் ஓடுகிறது என்றால், அத்தனைக்கும் உள்ளே போய்த்தான் உண்மையான வேலை. இப்போது: ரத்தானதா, வாசலிலேயே திருப்பி அனுப்பு. இன்றைக்கு இல்லையா, திருப்பி அனுப்பு. மிச்சம் இருப்பவர்களோடு நிம்மதியாக வேலை பார். கல்யாண மண்டபத்தில் வாசலில் நிற்கிற அண்ணன்மார்களுக்கு இது தெரியும். கணினி படித்தவர்களுக்கு ஏன் தெரியவில்லையோ.

ஒரு சிவப்பு. தேடினால் என் பிழைதான், ஒரு கழித்தல் குறி. சரிசெய்ததும் எழுந்து போய் ஜன்னலோரம் நின்றேன். கீழே பூக்கடைக்காரர் யாரோடோ சண்டை: "அக்கா, தொட்டுத் தொட்டுப் பாத்தா பூ வாடிடும்லா."

ஜூலை 13, ஞாயிறு

துணி துவைத்தல், பாசாரில் சாமான் வாங்குதல், மீன் கழுவுதல். வேலையைப் பற்றி நினைப்பதில்லை என்று முடிவு.

பத்து மணிக்கே நினைத்தேன். மசாலா அலமாரியைக் காலி செய்து, எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு, ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டினேன். குமரன் துறைமுகத்தில் ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தார். என்னைக் கட்டியவர், பொறுமைசாலி.

"மல்லித்தூள்னு தெரியாதா எனக்கு? எதுக்கு ஒட்டுற?"

"போன வாரம் சாம்பார்ல என்ன போட்டீங்க?"

டப்பாவைக் கீழே வைத்தார். அன்று அவர் போட்டது ரசப்பொடி.

பிறகு கேட்டார், வேலை போனால் என்ன செய்வாய் என்று. குத்தலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான். சொன்னேன்: திரும்பவும் வீட்டில் உட்கார எனக்கு இஷ்டமில்லை. யாழினியோடு இருந்த நான்கு வருடமும் நல்ல வருடங்கள்தான். ஆனால் நான் எதில் கெட்டிக்காரி என்று எனக்கே மறந்துபோயிருந்தது. அவர் மீதி டப்பாக்களுக்கும் பெயர் ஒட்டினார். ஒன்றில் 'கடுகு, மெய்யாகவே கடுகு' என்று எழுதியிருக்கிறார். அந்தக் கதையை அவரிடம் சொல்லியிருக்கக் கூடாது.

ஜூலை 15, செவ்வாய்

நல்ல நாள். பெரிய ஃபங்ஷன் இப்போது திரை உயரத்துக்குள் நிற்கிறது. வாசித்தால் கதை போல் போகிறது: பதிவுகளை எடு, பொருந்தாதவற்றை விலக்கு, பகுதிவாரியாகப் பிரி, வேனில் ஏற்று, நேரம் கணக்கிடு. ஒவ்வொன்றும் தனித் துண்டு. துணைக்கு இருக்கை, போன வாரம் என்னைக் குப்புறத் தள்ளியதே, அதைத் தேநீர் ஆறுவதற்குள் எழுதிவிட்டேன். பச்சை.

ஒரே ஒரு வேண்டாத துண்டு அடியில் கிடந்தது. நோயாளி எண்கள் இரண்டு, 41, 67. இந்த இரண்டும் ஒரே வேனில் விழுந்தால் ஒருவரை வேறு வேனுக்குத் தள்ளு. காரணம் எழுதவில்லை. மூன்று மாதப் பதிவில் ஒருநாள்கூட அந்தத் துண்டுக்கு வேலை வந்ததில்லை.

ஃபைசால்: "டெஸ்டுக்குப் போட்டு மறந்திருப்பான். அந்த ஆள் அப்படித்தான்."

ஜெயா அக்காவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்கலாம் என்று தோன்றியது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது. நீக்கினேன். எல்லாம் பச்சை.

ஜூலை 16, புதன்

வியாழனுக்கான பட்டியலைப் புதிய கோட் போட்டது. பாஸ் வரி வரியாகப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அது வந்தால் மாலை போட்ட மாதிரி.

யாழினிக்கு லேசாக இருமல். துளசிக் கஷாயம்.

ஜூலை 17, வியாழன்

காலை வேன்கள் எல்லாம் நேரத்துக்கு. பந்திங், மேரு, காப்பார், எல்லோரும் ஏறியாயிற்று. பத்தரை வரை நான் ராணி.

பிறகு ஜெயா அக்கா போன்.

"யம்மா, மாணிக்கத்தையும் கோவிந்தசாமியையும் ஒரே வேன்ல போட்டது யாரு?"

எனக்குப் புரியவில்லை. சொன்னார். இருவரும் காப்பார், ஒரே தாமான் குடியிருப்பு. சம்பந்திகள். இவர் மகளை அவர் மகனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டாரை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்களாம். அன்றிலிருந்து முகத்தில் விழிப்பதில்லை. பேரன் பள்ளிக்கூடம் போகிற வயதாகிவிட்டது, இன்னும் இல்லை. ஒரே வேனில் வரமாட்டோம் என்று இருவரும் அடம்பிடித்ததால் ஜெயா அக்காதான் பழைய புரோகிராமரிடம் சொல்லிவைத்தாராம்.

41, 67.

மூன்று மாதமாக மாணிக்கம் திங்கள் புதன் வெள்ளி அணியில் இருந்திருக்கிறார். இந்த வாரம்தான் செவ்வாய் வியாழன் சனிக்கு மாற்றியிருக்கிறார்கள். செவ்வாயன்று ஓடியது பழைய கோட், அது பிரித்துவிட்டது. இன்று ஓடியது என்னுடையது. சோதனை எதையும் விட்டுவிடவில்லை. நான் கொடுத்த மூன்று மாதத்தில் அது இல்லை, அவ்வளவுதான். கேட்டிருந்தால் ஒரு நிமிடம். கேட்கவில்லை.

"மாணிக்கம் இறங்குனதுமே சொல்லிட்டாரு, சனிக்கிழமை வரமாட்டேன்னு. மெஷினும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு."

டயாலிசிஸ் ஒரு தடவை தவறினால் என்ன ஆகும் என்று அக்கா எனக்கு விளக்கவில்லை. விளக்க வேண்டிய அவசியமும் இல்லை.

"திரும்பிப் போறப்பவாவது பிரிச்சு விடலாமா அக்கா?"

"மேரு வேன் இன்னைக்குச் சீக்கிரமே கெளம்பிடும். காப்பாருக்கு இருக்கறது ஒண்ணுதான். ரெண்டு பேரையும் அதுலதான் ஏத்தணும்."

கழிவறைக்குப் போய் அழுதேன். முகம் கழுவினேன். திரும்பி வந்து விதியை மறுபடி எழுதினேன். எங்கே வைப்பது என்று தேட வேண்டியிருக்கவில்லை, வேனில் ஏற்றும் துண்டுக்குப் பக்கத்திலேயே அதற்கு இடம் இருந்தது. பெயர்: ஒரே_வேனில்_ஏற்றக்கூடாதவர்கள். கூடவே அதற்கு ஒரு சோதனை, காரணம் ஒரு வரியில். டீ பிரேக்குக்கு முன் முடிந்துவிட்டது. பழைய ஃபைலில் இதைச் செய்திருந்தால் தீபாவளி வந்திருக்கும்.

ஆனால் பாஸுக்குத் தெரிந்துவிட்டது.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. பாஸ் நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறையக் கோபம்.

"புகார் வந்தா பழசுக்குப் போயிடுவோம்னு சொன்னேனா இல்லையா?"

சொன்னார். மறுக்கவில்லை. என் தவறுதான், கேட்காமல் நீக்கினேன் என்றேன். ரெடிமேட் ஆட்களைத் திங்கட்கிழமை வரச்சொல்லப் போவதாகச் சொன்னார்.

ஃபைசால் எழுந்து வந்தான். இப்படிப்பட்ட நேரத்தில் ஹெட்போனைக் கழற்றுகிற ஆளே இல்லை அவன்.

"பாஸ், அந்த ரெடிமேட்ல சம்பந்தி சண்டைக்கு எங்க இடம் இருக்கு?"

பாஸ் அவனைப் பார்த்தார். அவன் தன் திரையைத் திருப்பி, பழைய ஃபைலில் அந்த விதி கிடந்த இடத்தைக் காட்டினான். பிறகு என்னுடையதைக் காட்டினான். பாஸ் கோட் எழுதி வருடங்களாகிறது, ஆனால் வாசிக்கத் தெரியும். ஒரே_வேனில்_ஏற்றக்கூடாதவர்கள் என்று வாய்விட்டு வாசித்தார். காரண வரியையும் வாசித்தார்: சம்பந்திகள், பேச்சு இல்லை, ஜெயா அக்காவிடம் கேட்காமல் எடுக்காதே. மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

"ஜெயா என்ன சொல்றாங்களோ அதான். அவங்க வேணாம்னா வேணாம்."

சரி. நாளை சனி, எனக்கு லீவு. மையம் கிள்ளானில், வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடம். நேரே போய் மன்னிப்புக் கேட்கப் போகிறேன். மாணிக்கம் அங்கிள் வராவிட்டால் வீட்டுக்கே போகலாம், ஆனால் எந்த முகத்தோடு.

குமரன் சொன்னார்: "போறப்ப எதாவது வாங்கிட்டுப் போ. வெறுங்கையோட மன்னிப்பு கேட்டா யாரு நம்புவா?"

டயாலிசிஸ் ஆட்களுக்கு வாழைப்பழம் ஆகாது, இளநீர் ஆகாது. ஜெயா அக்காவுக்கு மட்டும் மல்லிகைப்பூ.

ஜூலை 19, சனி

நல்ல வெயில். புகைமூட்டம் இல்லை.

மையத்துக்குச் சீக்கிரமே போய் வாசலில் நின்றேன். காப்பார் வேன் வந்தது. ஒரு பெண்மணி, ஊன்றுகோலோடு ஒருவர், பிறகு வெள்ளைச் சட்டையில் ஒல்லியாக ஒருத்தர். ஜெயா அக்கா (நினைத்ததைவிடக் குள்ளம், போனில் கேட்டதைவிடச் சத்தம்) என் கையைப் பிடித்து அழுத்தினார். அந்த ஒல்லியானவர்தான் மாணிக்கம். வந்துவிட்டார். அங்கே இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

மாணிக்கம் உள்ளே போகாமல் நின்றார். ரோட்டைப் பார்த்தார். வேனுக்குள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா ஜெயா. அவரு எங்க?"

"யாரு?"

"அவருதான்."

கோவிந்தசாமியை மேரு வழியாகச் சுற்றி வரும் வேனில் போட்டிருக்கிறது என்றார் அக்கா. மாணிக்கம் முகத்தைச் சுளித்தார்.

"அது ஊரெல்லாம் சுத்தி வருமே. அந்த மனுசனுக்குக் குளுரு ஆகாது."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

டிரைவர் சுப்ரா அண்ணன்தான் மீதியைச் சொன்னார். வியாழன் மதியம் திரும்பும்போது இருவரும் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி. மெஷினிலிருந்து எழுந்தவர்களுக்கு உடம்பு சில்லிட்டுப் போகும். பாதி வழியில் மாணிக்கம் சொன்னாராம்: "தம்பி, ஏர்கோன் கொஞ்சம் கொறைங்க." உடனே பின்னாலிருந்து கோவிந்தசாமி: "ஆமா. அவருக்கும் குளுருது போல."

"அவ்ளோதான்மா. வீடு வரைக்கும் வேற ஒரு வார்த்தை இல்ல. ஆனா கோவிந்தசாமி அண்ணன் எறங்கறப்போ அவரோட துண்ட சீட்டுலயே விட்டுட்டுப் போனாரு. மாணிக்கம் அண்ணன் அத எடுத்து மேல போத்திக்கிட்டாரு. மறந்து விட்டாரா, வேணும்னே விட்டாரான்னு நான் கேக்கல."

ஜெயா அக்கா பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். நான் மன்னிப்பு என்று ஆரம்பித்தேன், கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்த ரூல எடுத்துடு."

"நிச்சயமா அக்கா?"

"இப்பக் கேக்கறியே, அது நல்லது. எடு. சண்டை வந்தா போன் பண்றேன், திரும்பப் போட எவ்ளோ நேரம் ஆகும்?"

"ரெண்டு நிமிசம்."

"அப்போ எடு. ஒங்க பாஸ்கிட்ட நான் பேசிக்கறேன். எனக்கு ரெடிமேட் எல்லாம் வேணாம்."

மேரு வேன் வந்து சேர்ந்தது. கோவிந்தசாமி கடைசியாக இறங்கினார், தோளில் துண்டு இல்லாமல்.

வீட்டுக்கு வந்து லேப்டாப். ஒரே வேனில் ஏற்றக்கூடாதவர்கள் பட்டியலைக் காலி செய்தேன், காரண வரியையும் மாற்றினேன். பச்சை. பாஸிடமிருந்து மெசேஜ்: "அடுத்து பில் போடுற ஃபங்ஷன். அது இதவிடப் பெருசு. திங்கள் சீக்கிரம் வா." இரண்டு தடவை வாசித்தேன். குமரனிடம் காட்டினேன். யாழினியைத் தூக்கிச் சுற்றினேன், அவளுக்கு எதற்கென்று தெரியவில்லை, ஆனாலும் சிரித்தாள்.

செவ்வாய்க்கான பட்டியலைச் சும்மா போட்டுப் பார்த்தேன். காப்பார் வேனில் இருவர் பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்திருக்கிறது. ஜெயா அக்கா இப்போது போன் செய்தார்: இருவருக்குமே முன் சீட்தான் வேண்டுமாம், அதற்கு ஏதாவது கோட் எழுத முடியுமா என்று கேட்கிறார். முடியாது என்றேன். அதை அவர்களே பேசி முடிவு செய்துகொள்ளட்டும்.